சமவெளியிலிருந்து பிரான்சு மலைச்சாலைக்கு

மேம்பாலத்தைத் தவிர ஏற்றம் அறியாத டெல்டாக்காரர் பிரான்சின் மலைக் கிராமச் சாலைகளில் சைக்கிள் ஓட்ட விரும்பினால், முதலில் காற்றைப் பயிற்சியாளராகக் கொள்ள வேண்டும். ஆடி மாதத்தில் கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை வழியாகத் திருவையாறு நோக்கி, அம்மியையும் பறக்கவிடும் மேற்குக் காற்றை எதிர்த்து ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால், நீண்ட ஏற்றத்துக்குத் தேவையான நிதானம் கால்களுக்குப் பழகும். ஆனால் வளைவில் இறங்கும் கலையைக் காற்று கற்றுத் தராது. அதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குச் சில முறையேனும் சென்று வருவது அவசியம்.

பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது தூரத்தைவிட ஏற்றத்தின் சராசரிச் சரிவையே பார்க்க வேண்டும். சுமார் 1,910 மீட்டர் உயரமுள்ள மோன் வான்டூ மலைக்குப் பெதுவான் ஊரிலிருந்து ஏறும் பாதை ஏறத்தாழ 21 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 7.5 விழுக்காடு, அதாவது நூறு மீட்டர் தூரத்துக்கு ஏழரை மீட்டர் ஏற்றம். சோ என்னும் ஊரிலிருந்து செல்லும் பாதை 26 கிலோமீட்டர் நீண்டாலும் சரிவு குறைவு என்பதால், நம்மவருக்கு அதுவே ஏற்றது. உச்சியில் வீசும் மிஸ்த்ரால் என்னும் குளிர்ந்த வடகாற்றின் முன் ஆடிக் காற்று வெறும் விசிறிதான். ஆகவே இறங்குவதற்குக் காற்றுத்தடுப்புச் சட்டை வேண்டும்.

முன்புறப் பற்சக்கரத்தில் 34 பல், பின்புறப் பற்சக்கரத்தில் 32 பல் கொண்ட கியர் ஏற்றத்தில் மிதிப்பதை இலகுவாக்கி முழங்காலைக் காக்கும். அங்கே சாலையின் வலப்புறமே ஓட்ட வேண்டும் என்பதையும், சிற்றூர்க் கடைகள் பல நண்பகலில் மூடப்படுவதால் தண்ணீரை முன்பே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.