கோடியக்கரையில் ஆறுமணிக்குருவியைப் பார்க்க ஒரு வழி

கோடியக்கரை என்றதும் எல்லோரும் பூநாரையைத் தேடி உப்பளப் பக்கம் போய்விடுகிறார்கள். அக்டோபரில் போகிறீர்கள் என்றால் முதலில் காட்டுக்குள் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் தெற்கே இறங்கும் ஆறுமணிக்குருவி அந்தப் பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக் காட்டில்தான் இளைப்பாறும். பெயரே நேரத்தைச் சொல்லிவிடுகிறது: காலை ஆறு, மாலை ஆறு ஒட்டி இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும்.

குரல் கேட்டதும் ஓடாதீர்கள். நான் செய்த தப்பு அதுதான், தேடிக்கொண்டே நடந்து அதை விரட்டிவிட்டேன். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, மரத்தை அண்ணாந்து பார்க்காமல் தரையைப் பாருங்கள். சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்கிற பறவை அது, சரசரவென்று சத்தம் வரும், குட்டை வால், பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. செல்போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடுகிற வேலை மட்டும் வேண்டாம், பல நூறு மைல் பறந்து களைத்து வந்ததை எதற்கு அலைக்கழிப்பது?

வெயில் ஏறியபிறகு புல்வெளிப் பக்கம் போனால் வெளிமான் கூட்டம் கிடைக்கும். முறுக்குக் கொம்போடு கறுத்து நிற்பது கிடா. மட்டக்குதிரைகளும் மேயும், கிட்டே போகாதீர்கள். அப்புறம், தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.