செயின் சா செயின்: பார்த்து வாங்குறதும் கையால தீட்டுறதும்

செயின் சாவால (மரம் அறுக்குற மெஷின்) அறுக்கும்போது தூள் சீவல் சீவலா வராம மாவா கொட்டுதா, செயின் மழுங்கிடுச்சு, தயவுசெஞ்சு மெஷினை அமுக்கி அறுக்காதீங்க, அப்படி அமுக்குறப்பதான் எகிறி ஆள் மேல வரும்.

முதல்ல செயின். பார்ல (செயின் சுத்தி ஓடுற நீள தகடு) மெஷினோட சேருற முனைப் பக்கம் பிட்ச் (கண்ணிகளோட இடைவெளி அளவு), கேஜ் (டிரைவ் லிங்க்கோட தடிமன்), டிரைவ் லிங்க் (பாரோட பள்ளத்துல ஓடுற கண்ணி) எண்ணிக்கை மூணும் பொறிச்சிருக்கும், போட்டோ எடுத்துக்கிட்டு பாரிமுனை கடைக்கு போங்க, மூணுல ஒண்ணு மாறினாலும் செயின் உக்காராது. எழுத்து அழிஞ்சிருந்தா அடுத்தடுத்து இருக்குற 3 ரிவெட்டோட (கண்ணிகளை இணைக்கிற ஆணி) நீளத்தை அளந்து பாதி பண்ணுங்க, அதான் பிட்ச்.

பல்லுல ஃபுல் சிசல் (மூலை கூர்மையா இருக்குற பல்லு) வேகமா அறுக்கும், ஆனா மண்ணு பட்டா சீக்கிரம் போயிடும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் புயல்ல சாயுற பூவரசு, வேம்பெல்லாம் மணல் ஒட்டித்தான் கெடக்கும், அதனால நான் செமி சிசல்தான் (மூலை உருண்ட பல்லு) சொல்லுவேன். பட்டையில ஆணி, கேபிள் கம்பி இருந்தா மொதல்ல பிடுங்கிடுங்க, அதுக்கு எந்த செயினும் தாங்காது.

ரவுண்ட் அரம் சைஸ் முக்கியம்: 3/8 இன்ச் பிட்ச் லோ ப்ரொஃபைல் (உயரம் கம்மியான) செயினுக்கு 4 மி.மீ., .325 இன்ச் பிட்ச்சுக்கு 4.8 மி.மீ. செயின் பாக்கெட்லயும் போட்டிருக்கும்.

இப்போ தீட்டலாம். இன்ஜின் ஆஃப், ஆறினதும் ஸ்பார்க் பிளக் வயரை கழட்டுங்க, பேட்டரி மெஷின்னா பேட்டரியை உருவிடுங்க, கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கோங்க. பாரை வைஸ்ல (பிடிச்சு வைக்கிற இடுக்கி) இறுக்கி செயின் பிரேக் போடுங்க. இருக்குறதுலயே குட்டைப் பல்லுல ஆரம்பிங்க, அதுல மார்க்கரால ஒரு புள்ளி. பல்லு மேல இருக்குற சாய்வு கோட்டுக்கு (பொதுவா 30 டிகிரி) நேரா அரத்தை மட்டமா வச்சு, உள்ளிருந்து வெளிய மட்டும் தள்ளணும், திரும்ப இழுக்குறப்ப தூக்கிடுங்க. முனையை வெளிச்சத்துல பாருங்க, வெள்ளையா ஒரு கோடு மின்னுச்சுன்னா இன்னும் மழுக்கம் போகல. அது மறையுற வரைக்கும் தேய்ச்சு, எத்தனை தள்ளுன்னு எண்ணி வச்சு எல்லா பல்லுக்கும் அதே அளவு கொடுங்க, ஒரு பக்கம் நீளமா நின்னுட்டா வெட்டு கோணலா போகும். பிரேக்கை எடுத்து செயினை நகர்த்தி ஒரு பக்கத்தை முடிச்சுட்டு மறுபக்கம் வாங்க.

நாலஞ்சு தடவை தீட்டுனதும் பல்லுக்கு முன்னாடி நிக்கிற டெப்த் கேஜை (பல்லு எவ்வளவு ஆழம் கடிக்கணும்னு கட்டுப்படுத்துற மேடு) பாருங்க, பல்லு உச்சியை விட பொதுவா 0.65 மி.மீ. தாழ்ந்திருக்கணும், இந்த உயரத்தை அளக்குற கேஜ் தகடு வச்சு ஃப்ளாட் அரத்தால லேசா எடுங்க. இதை மட்டும் அதிகமா தேய்ச்சுடாதீங்க, செயின் மரத்தை வெறியா கடிச்சு மெஷினை உதறும்.

கடைசியா டென்ஷன் (செயினோட இறுக்கம்), செயின் ஆறியிருக்கப்பதான் வைக்கணும், சூட்டுல இறுக்கினா ஆறினதும் சுருங்கி பாரை கவ்விக்கும். பாரோட கீழ்ப்பக்கம் செயின் தொங்காம ஒட்டி இருக்கணும், கிளவுஸ் கையால இழுத்தா ஓடணும். நம்ம உப்புக்காத்துக்கு ஒரே வாரத்துல துரு ஏறும், எண்ணெய் தடவி வைங்க. பல்லு நீளம் 4 மி.மீ. ஆயிடுச்சுன்னா புது செயின் வாங்கிடுங்க.