கெம்பஸ்ல நம்ம புள்ளைங்கள ஒண்ணு சேக்குறது எப்படி (ஆபிரிக்க மாணவர்கள்கிட்டருந்து சுட்ட ஐடியாக்களோட)

இந்த வருஷம் கெம்பஸ் கெடச்சுப் போற தம்பி தங்கச்சிங்க நாலஞ்சு பேர் மெசேஜ் போட்டு கேட்டுட்டாங்க, அண்ணே அங்க மலையகப் புள்ளைங்களுக்குன்னு (இலங்கைத் தோட்டங்கள்ல வாழுற தமிழ்ச் சனத்துப் புள்ளைங்க) ஒரு அமைப்பு தொடங்கலாம்னு இருக்கோம், எங்கருந்து ஆரம்பிக்கிறதுன்னு. ஒவ்வொருத்தருக்கா வொய்ஸ் அனுப்பி தொண்டை கட்டிப்போச்சு, அதான் ஒரேயடியா எழுதிடுறேன். நாங்க செஞ்சதுல பாதி சொதப்பல், அதையும் சேத்தே எழுதுறேன்.

மொதல்ல ஒரு பழைய கதை. 1925ல லண்டன்ல படிச்சிக்கிட்டிருந்த நைஜீரியா, கோல்ட் கோஸ்ட் (இப்ப கானா), சியரா லியோன், காம்பியா பொடியன்மார் சேந்து மேற்கு ஆபிரிக்க மாணவர் சங்கம்னு ஒண்ணு தொடங்குறாங்க, லடிப்போ சொலாங்கேன்னு ஒரு சட்ட மாணவர்தான் அதுல முக்கியமான ஆள். சுருக்கமா 'வாசு'ன்னு கூப்பிடுவாங்க, யொரூபா பாஷைல அந்தச் சொல்லுக்கு பிரசங்கம் பண்ணுறதுன்னு அர்த்தமாம். இதுல எனக்குப் புடிச்ச விசயம் என்னன்னா, ஊர்ல இருந்த வரைக்கும் இவங்கள்ல பல பேர் தன்னை "மேற்கு ஆபிரிக்கன்"னு நெனச்சிக்கிட்டு திரிஞ்சிருக்க மாட்டாங்க. ஒருத்தன் லாகோஸ், ஒருத்தன் அக்ரா, அவ்வளவுதான். லண்டன்ல வீட்டுக்காரங்க எல்லாரையும் ஒரே பார்வை பாத்து "ரூம் இல்ல"ன்னு கதவ சாத்தினதும் இவங்க ஒண்ணாக ஒரு காரணம்.

நமக்கும் அச்சு அசலா அதேதான். ஊர்ல இருக்கும்போது நான் பண்டாரவளைக்காரன். ஹட்டன் பக்கத்து பொடியன் பேசுனா இழுத்துப் பேசுறான்னு சிரிப்போம். இரத்தினபுரி, கேகாலை ரப்பர் தோட்டங்கள்ல நம்ம சனம் இவ்வளவு இருக்குன்னே கெம்பஸ் போயித்தான் எனக்குத் தெரியும், வெக்கமாத்தான் இருக்கு சொல்ல. அங்க போனதும் எவனோ ஒருத்தன் "தோட்டக்காட்டான்"னு நம்மள மட்டந்தட்டி ஒரு வார்த்தை விடுவான் பாருங்க, அப்ப மஸ்கெலியாவும் பதுளையும் தெரணியகலையும் ஒரே நிமிசத்துல சொந்தக்காரங்களாயிடும். ஆனா கோவத்துல சேந்த கூட்டம் கோவம் ஆறுனதும் கலைஞ்சிடும், அதுக்கு மேல கட்டுறதுதான் உங்க வேல.

சரி, வேலைக்கு வருவோம்.

ரிசல்ட்ஸ் வந்து கட் ஓப் மார்க்ஸும் வந்தவுடனே ஒரு சீஆர் கொப்பி (கெட்டி அட்டை போட்ட பெரிய நோட்டு) வாங்குங்க. மாவட்டத்துக்கு ஒரு ஆள் போட்டு, அந்தந்த பக்கத்து ஸ்கூல் சேர்மாருக்கு கோல் எடுத்து யார் யாருக்கு எந்த பெக்கல்ட்டி கெடச்சிருக்குன்னு எழுதிக்கோங்க. வட்ஸ்அப் குரூப் இருக்கே கொப்பி எதுக்குன்னு கேப்பீங்க. போன் ஒடையும், நம்பர் மாறும், அட்மின் கோவிச்சிக்கிட்டு லெப்ட் ஆவாரு, கொப்பி அப்படியே இருக்கும். இன்னொரு காரணமும் இருக்கு. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வர்ற கடிதம் பல இடத்துல இன்னமும் தோட்டத்து ஆபீஸ் வழியாத்தான் வருது, எனக்கு வந்த ஒரு கடிதம் அங்க ஒம்பது நாள் கெடந்துட்டு அப்பாவோட பிரட்டுக் களத்துக்கு (காலைல வேலைக்கு ஆள் பிரிக்கிற எடம்) வந்துச்சு. இப்ப எல்லாம் ஒன்லைன்தான்னாலும் டேட்டா இல்லாத, சிக்னல் புடிக்காத டிவிசன்ல (தோட்டத்தோட ஒரு பிரிவு) இருக்குற புள்ளைக்கு திகதி முடியப் போகுதுன்னு யாராச்சும் கோல் எடுத்து சொல்லணும்ல. அந்த யாராச்சும் நீங்கதான்.

ரெஜிஸ்ட்ரேசன் நாளைக்கு ரெண்டு சீனியராவது வாசல்ல நிக்கணும். நான் நின்ன வருஷம் தெரணியகல பக்கத்துலருந்து ஒரு தங்கச்சி அப்பாவோட வந்திருந்துச்சு. அப்பா அன்னிக்கு பேரை (ஒரு நாள் சம்பளத்த) விட்டுட்டு வந்திருக்காரு, கையில ஒரு நீலக் கலர் வாளி, அதுக்குள்ள தலகாணி, கதிரை போட்டு குடுத்தும் உக்கார மாட்டேங்குறாரு. பாரத்துல நிரந்தர முகவரின்னு ஒரு கோடு. தங்கச்சி தோட்டத்து பேர் எழுதுது, டிவிசன் பேர் எழுதுது, வீட்டு நம்பர் என்னன்னு பக்கத்துல யாரோ கேட்டதும் அப்பாவ திரும்பிப் பாக்குது. அவர் மெதுவா, "நம்ம லயத்துல ஏழாவது காம்பரா"ன்னாரு. எங்க சீனியர் அக்கா ஒருத்தங்க பேனைய வாங்கி டக்குன்னு 7ன்னு எழுதிட்டாங்க. பிறகு அந்த மனுசன் வாளிலருந்து ரொட்டிப் பார்சல எடுத்து எங்களுக்கு பிச்சிக் குடுத்துட்டு என் நம்பர கேட்டாரு, "புள்ள போன் எடுக்கலன்னா தம்பிக்கு எடுக்குறேன்"னு. எங்க கொப்பில மொதல் பக்கத்துல இருக்குறது அவரோட நம்பர்தான்.

மொத கெழமைக்கு வேண்டியது பேச்சு இல்ல, சாமான். பூட்டு, கம்பளி, மழக்கோட்டு (பேராதனையோ பதுளையோ, மழை விடாது), போட்டோகொப்பி எடுக்க சில்லறை. மகாபொல, பர்சரி (படிப்புக்கு குடுக்குற உதவிப் பணம்) பாரங்கள ஒண்ணா உக்காந்து நிரப்புங்க, சம்பளச் சிட்டை, கிராம சேவகர் கடிதம் எல்லாம் ஊர்லருந்தே எடுத்துட்டு வரச் சொல்லுங்க, இல்லாட்டி அதுக்குன்னு ஒரு தடவ பஸ் காசு போகும். நம்ம ஆளுங்களுக்கு பிறப்புச் சான்றிதழ்ல ஒரு ஸ்பெல்லிங், அடையாள அட்டைல ஒரு ஸ்பெல்லிங் இருக்குறது சாதாரணம், சத்தியக்கடதாசி எங்க, யார்கிட்ட முடிக்கிறதுன்னு ஒரு சீனியருக்காவது தெரிஞ்சிருக்கணும்.

வாசுக்காரங்களும் இப்படித்தான். கூட்டம் போட்டாங்க, பத்திரிகை நடத்துனாங்க, எல்லாம் சரி, ஆனா தங்க எடம் இல்லாதவனுக்கு கொள்கைய சொல்லி என்ன செய்ய? சொலாங்கே 1929ல கப்பலேறி ஊர் போயி மூணு வருஷமா மேற்கு ஆபிரிக்கா பூரா சுத்தி காசு சேத்து, 1933ல லண்டன்ல ஹொஸ்டல் தொறந்தாரு. அங்க வந்து தங்குனவங்க, சாப்பிட வந்தவங்கதான் பிறகு நாட்டையே நடத்துனாங்க. நீங்க ஹொஸ்டல் கட்டத் தேவல்ல, ஒரு ரூம்ல ஒரு எக்ஸ்ட்ரா மெத்தையும், பஸ்ஸ விட்டுட்டு ராத்திரி வந்து நிக்குற ஜூனியருக்கு ஒரு ப்ளேன்டீயும் போதும்.

இப்ப எங்க சொதப்பல். நாங்க எடுத்த எடுப்புல தொடக்க விழா வச்சோம், பேனர், மாலை, மைக், ஊர்லருந்து ஒரு அரசியல்வாதி. அவர் ஆள் அனுப்பி செலவ பாத்துக்கிட்டாரு, நாங்களும் பெருமையா வாங்கிக்கிட்டோம். ஹோல் நெறஞ்சுது. அடுத்த கெழம கூட்டத்துக்கு ஏழு பேர். ஏன்னு விசாரிச்சா, மத்த தொழிற்சங்கத்து குடும்பத்துப் புள்ளைங்க எல்லாம் "அது அவங்க கட்சி சங்கம்"னு ஒதுங்கிட்டாங்க. அதச் சரிக்கட்ட ஒண்ணரை வருஷம் போச்சு. லண்டன்லயும் இதே கூத்து நடந்திருக்கு, வாசு ஹொஸ்டல் தொறந்த அடுத்த வருஷம், 1934ல, பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டு அமைச்சு ஆதரவுல அக்ரி ஹவுஸ்னு இன்னொரு ஹொஸ்டல் வந்துச்சு, நம்மள கண்காணிக்கத்தான் இதுன்னு வாசுக்காரங்க எதுத்து துண்டுப்பிரசுரமே போட்டாங்க. பிறகு காலம் போக வாசுவும் அரசாங்கக் காசு வாங்கத்தான் செஞ்சுது, அதையும் மறைக்கக் கூடாது. காசே வாங்காதீங்கன்னு நான் சொல்லல. மொத ரெண்டு வருஷம் வாங்காதீங்க, வாங்குனா கூட்டத்துல வாசிச்சிட்டு வாங்குங்க, மேடையும் மாலையும் குடுக்காதீங்க.

அப்ப காசுக்கு என்ன செய்யன்னு கேட்டா, சாப்பாடு. 1945 ஒக்டோபர்ல மான்செஸ்டர்ல நடந்த அஞ்சாவது பான் ஆபிரிக்கன் மாநாடு இருக்கே, பிறகு கானாவுக்கும் கென்யாவுக்கும் தலைவரான நக்ருமா, கென்யாட்டா எல்லாம் வந்தது, அமெரிக்க கறுப்பு அறிஞர் டூ பொய்ஸ் 77 வயசுல வந்து உக்காந்தது, அதுக்கு பெரும் பகுதி செலவ தாங்குனது கயானாலருந்து வந்த ராஸ் மக்கோனன்ங்குறவரோட சாப்பாட்டுக் கடைங்க. நாங்க ஸ்போர்ட்ஸ் மீட் அன்னிக்கு கடல வடையும் ப்ளேன்டீயும் போட்டோம், தேத்தூள் ஒவ்வொருத்தர் வீட்லருந்து. மழ பேஞ்சதால டீ பிச்சிக்கிட்டு போச்சு, வடை கொஞ்சம் கருகிடுச்சு, பரவால்ல. ஒரு வருஷத்து போட்டோகொப்பி செலவு அதுல ஓடுச்சு.

அடுத்தது கேக்கக் கூடாத மூணு கேள்வி. என்ன ஆளுங்க (சாதி), எந்த சங்கம் (தொழிற்சங்கம்), அப்பா ஸ்டாபா லேபரா. மூணாவது கேள்விக்கு கெட்ட எண்ணம் இல்லன்னு சொல்லுவாங்க, ஆனா கேட்டவுடனே ஒருத்தர் முதுக நிமித்துறதும் இன்னொருத்தர் குனியுறதும் கண்ணுக்கு முன்னால நடக்கும். இத யாப்புல (சங்கத்து விதிகள்ல) எழுத முடியாது, சீனியர் கேக்காம இருந்தா ஜூனியரும் கேக்க மாட்டாங்க.

யார் "நம்ம ஆள்"ங்குற கேள்வி கட்டாயம் வரும். மாத்தறை, காலி பக்கத்து தோட்டத்துலருந்து சிங்கள மீடியத்துல படிச்ச புள்ள வரும், தமிழ் வாசிக்க வராது, வீட்ல தமிழ்தான். கண்டி டவுன்ல கடை வச்சிருக்குறவரோட மகன் வருவான், கொழுந்துக் கூடைய தொட்டதே இருக்காது. வாசல்ல நின்னு சோதிக்காதீங்க. தென்னாபிரிக்கால ஸ்டீவ் பீக்கோவும் கூட்டாளிங்களும் வெள்ளைக்கார மாணவர்கள் கைல இருந்த தேசிய சங்கத்துலருந்து பிரிஞ்சு 1969ல 'சாசோ'ன்னு கறுப்பு மாணவர் அமைப்பு தொடங்குனாங்க, பிறகு கறுப்பர்ங்குற சொல்லுக்குள்ள இந்திய வம்சாவளிக்காரங்களயும் கலப்பினத்தவங்களயும் சேத்துத்தான் சொன்னாங்க, சட்டத்தால ஒரே மாதிரி மிதிபடுறவங்க எல்லாரும் ஒண்ணுன்னு. அதுல முன்னுக்கு நின்ன ஸ்ட்ரினி மூட்லி ரொபன் தீவு ஜெயில் வரைக்கும் போனவரு. மூட்லின்னா முதலி. நம்மள இங்க கோப்பித் தோட்டத்துக்கு கூட்டிட்டு வந்த மாதிரி 1860லருந்து அங்க கரும்புக்கு கூட்டிட்டுப் போன சனத்தோட பரம்பர.

குப்பி (சீனியர் ஜூனியருக்கு எடுக்குற கிளாஸ்) கட்டாயம். இதத்தான் நான் எல்லாத்துக்கும் மேல வைப்பேன். மொத வருஷம் இங்கிலீஷ்ல லெக்சர் ஓடும், நம்ம புள்ளைங்க பின்வரிசைல உக்காந்து போர்ட்ட அப்படியே கொப்பில எறக்கிட்டு வருவாங்க, ஒண்ணும் வெளங்காது, கேக்கவும் கூச்சம். வாரத்துல ரெண்டு நாள், ஒரு பாடம், ஒரு சீனியர், தமிழ்ல வெளக்கி இங்கிலீஷ்ல எழுத வைக்கணும். ரிபீட் விழுந்தவனையே அந்தப் பாடத்துக்கு குப்பி எடுக்க விடுங்க, எங்க மாட்டும்னு அவனுக்குத்தான் தெரியும். வடக்கு, கெழக்கு, முஸ்லிம், சிங்களப் புள்ளைங்க வந்து உக்காந்தா வாங்கன்னு சொல்லுங்க. எங்க ஸ்டேட்ஸ் குப்பிக்கு வந்த ஒரு சிங்கள நண்பன்தான் பிறகு நிர்வாகத்துக்கு போற கடிதம் எல்லாம் எழுதித் தந்தான்.

கூட்டம் ராத்திரி ஏழு மணிக்கு வைக்காதீங்க. கேள்ஸ் ஹொஸ்டல் நேரம், வழில அட்டைக் கடி, வெளிச்சம் இல்லாத படி, எல்லாம் சேந்து பொம்பளப் புள்ளைங்க வர மாட்டாங்க, பிறகு "அவங்களுக்கு ஆர்வம் இல்ல"ன்னு பொடியன்மார் ரிப்போர்ட் எழுதுவாங்க. நாலரைக்கு வைங்க. பொருளாளர் பதவிய மட்டும் குடுத்து ஒதுக்கவும் வேணாம். வாசுல இருந்த ஸ்டெல்லா தோமஸ் 1933ல பாரிஸ்டர் ஆகி, பிறகு நைஜீரியால மொத பெண் நீதவானா உக்காந்தவங்க, டீ ஊத்த வந்தவங்க இல்ல.

ரெக்கிங் பத்தி ஒரே வரி. ஊர்ப்பாசம்னு சொல்லி நம்ம சீனியரே நம்ம ஜூனியர ரெக் பண்ணுனா அவர வெளிய போடுங்க, 1998ம் வருஷத்து 20ம் இலக்கச் சட்டப்படி அது குற்றம்.

பதிவு வேல எல்லாம் எல்லா எடத்துலயும் ஏறக்குறைய ஒண்ணுதான், யாப்பு, அங்கத்தவர் லிஸ்ட், சீனியர் ட்ரெஷரரா ஒரு லெக்சரர், கூட்டறிக்கை. லெக்சரர் தேடும்போது பெரிய பேர் பாக்காதீங்க, கையெழுத்துக்கு போனா ரூம்ல இருக்குறவரா பாருங்க.

நிகழ்ச்சின்னா வருஷத்துக்கு ஒண்ணு போதும். தலைமன்னார்லருந்து மாத்தளை வரைக்கும் 2023ல, நம்ம சனம் இங்க வந்த இருநூறு வருஷ ஞாபகமா நடந்தாங்களே, அதப் பத்தி பேச ஒரு பேராசிரியர கூப்பிடுறத விட, ஒவ்வொருத்தரும் அவங்க அப்பாயி அம்மாயிகிட்ட ஒரு தாலாட்டோ ஒப்பாரியோ போன்ல ரெக்கோட் பண்ணிட்டு வரச் சொல்லுங்க. எங்க கூட்டத்துல ஒரே ஒப்பாரி மூணு மாவட்டத்துலருந்து மூணு மெட்டுல வந்துச்சு. மே 25 ஆபிரிக்க தினம், 1963ல அடிஸ் அபாபால ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பு தொடங்குன நாள், அன்னிக்கு முடிஞ்சா புத்தளம் பக்கம் வாழுற ஆபிரிக்க வம்சாவளிச் சனத்த கூப்பிட்டு அவங்க மஞ்சா பாட்ட கேளுங்க. பஸ் காசும் சாப்பாடும் மரியாதையா குடுத்து கூப்பிடணும், வேடிக்க காட்ட இல்ல.

லீவுல ஊருக்குப் போயி ஏஎல் புள்ளைங்களுக்கு செமினார் வைப்பீங்க, நல்லது. கயானா வரலாற்று ஆசிரியர் வோல்ட்டர் ரொட்னி 1968ல ஜமைக்கால லெக்சரரா இருந்தப்ப ஏழைங்க இருக்குற எடத்துலயே போயி அவங்களோட உக்காந்து பேசுனாரு. அந்த ஒக்டோபர்ல வெளிநாட்டு மாநாடு முடிஞ்சு திரும்பி வந்தவர அரசாங்கம் நாட்டுக்குள்ள விடல, மறுநாள் மாணவர்கள் ரோட்டுக்கு எறங்குனாங்க. நீங்களும் லயத்து வாசப்படில உக்காருங்க, மைக் வேணாம், பெரியாக்கள் பேசட்டும், நீங்க எழுதிக்கோங்க.

கடைசி வருஷத்துல செய்ய வேண்டியது கைமாத்துறது. பைனல் எக்ஸாமுக்கு ஒரு செமெஸ்டர் முந்தியே பொறுப்ப குடுத்துட்டு, பக்கத்துல நின்னு அவங்க பிழை விடுறத வாய மூடிக்கிட்டு பாருங்க, எனக்கு இதுதான் பெரிய கஷ்டமா இருந்துச்சு. எங்க சீஆர் கொப்பி இப்ப நாலாவது கைல இருக்கு, அட்டை கிழிஞ்சு செலோடேப் ஒட்டி வச்சிருக்காங்க. தேவப்படுறவங்க சொல்லுங்க, போன் நம்பர் இருக்குற பக்கங்கள விட்டுட்டு மிச்சத்த போட்டோகொப்பி எடுத்து அனுப்பச் சொல்றேன்.