ஜான் டி. லீயின் வாழ்க்கையை எழுத உட்காரும்போது

லீ, 1857-இல் அமெரிக்காவின் யூட்டாவில் நடந்த மவுண்டன் மெடோஸ் படுகொலைக்காகத் தண்டிக்கப்பட்ட மார்மன். அவர் வாழ்க்கையை எழுத, முதலில் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: நாள், நடந்தது, சொன்னவர், அவர் அதைச் சொன்ன நாள். லீ விஷயத்தில் நான்காவது கட்டம்தான் உயிர். அதை விட்டவர்கள் எல்லாரும் இடறியிருக்கிறார்கள்.

1812-இல் காஸ்கேஸ்கியாவில் பிறப்பு, 1838-இல் மார்மன் சபையில் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு மதப் பிரிவு) சேர்ந்தது என்று தொடக்கத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். சபைத் தலைவரான பிரிகாம் யங்கின் ‘தத்துப்பிள்ளை’ என்று எழுதும்போது மட்டும் அது சபைச் சடங்கு என்று சேர்த்துவிடுங்கள். இருவருக்கும் பதினொரு வயதுதான் வித்தியாசம். விளக்காவிட்டால் வாசகர் குழம்புவார்.

மவுண்டன் மெடோஸ் படுகொலைக்குத் தனித்தாள் வேண்டும். 1857 செப்டம்பர் 7: ஆர்கன்சாவிலிருந்து கலிபோர்னியா போய்க்கொண்டிருந்த வண்டிக் கூட்டத்தின் மீது தாக்குதல். அன்றே ஜேம்ஸ் ஹாஸ்லம் என்ற தூதுவர் சீடர் சிட்டியிலிருந்து என்ன செய்வது என்று கேட்கக் குதிரையில் யங்கிடம் புறப்படுகிறார். 10: ‘அவர்களைப் போகவிடுங்கள்’ என்று யங் பதில் எழுதுகிறார். 11: லீ வெள்ளைக்கொடியோடு போய், பாதுகாப்பாக அழைத்துப்போவதாகச் சொல்லி ஆயுதங்களை ஒப்படைக்க வைக்கிறார், வெளியே வந்த சுமார் 120 பேரை மார்மன் ஊர்ப்படையினரும் அவர்களோடு இருந்த பையூட் பழங்குடியினரும் கொல்கிறார்கள். தப்பியவர்கள் 17 சிறு குழந்தைகள். 13: யங்கின் கடிதம் சீடர் சிட்டிக்கு வந்து சேர்கிறது. ஆகவே ‘யங்கின் உத்தரவை மீறிக் கொன்றார்கள்’ என்பது நாள் கணக்கிலேயே உதைக்கும். அதற்காக யங் நிரபராதி என்றும் தாவ வேண்டாம். முந்தைய மாதங்களில் அவர் பேசிய பேச்சு வேறு கேள்வி.

அடுத்த சிக்கல் லீயின் வாய்மொழி. 1857 நவம்பரில் யங்குக்கு எழுதிய கடிதத்தில் பழி முழுவதும் செவ்விந்தியர்கள் மீது. 1877-இல் வழக்கறிஞர் வெளியிட்ட வாக்குமூலத்தில் அது மேலிடத்துக்குப் போகிறது. தன்னையே குற்றப்படுத்தும் வரிகளுக்கு எடை கொடுங்கள். பிறரைக் காட்டும் வரிகளுக்கு இன்னொரு சாட்சி கிடைக்கும்வரை ‘லீயின் கூற்றுப்படி’ என்றே எழுதுங்கள்.

வழக்கு இரண்டு என்பதை மறக்காதீர்கள். 1875-இல் ஜூரிகள் ஒத்துப்போகவில்லை. 1876-இல் மார்மன்கள் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளி என்றது. 1877 மார்ச் 23 அன்று, அதே மவுண்டன் மெடோஸில் லீ மரண தண்டனையாகச் சுட்டுக்கொல்லப்பட்டார். இந்தப் படுகொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர் ஒருவரே. 1870-இல் அவரை நீக்கிய சபை 1961-இல் மீண்டும் சேர்த்துக்கொண்டது.

2002-இல் அரிசோனாவின் லீஸ் ஃபெர்ரியில் கிடைத்த, லீ எழுதியதாகச் சொல்லப்படும், யங்கைக் குற்றம்சாட்டும் ஈயத்தகடு கவர்ச்சியான சரக்குதான். அதன் உண்மைத்தன்மை சந்தேகத்துக்குரியது, கட்டத்துக்குள் ஏற்றாதீர்கள்.