‘போட்டு வாறன்’: ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு நடைச் சொற்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுப் படலையைத் தாண்டும்போது ‘நான் போறன்’ என்று சொல்லாதீர்கள். ரொறொன்ரோவில் பிறந்து வளர்ந்த என் மகள் முதல் நாளே அப்படிச் சொல்லிவிட்டாள். அவள் மனதில் இருந்தது ‘கோயிங் ஃபோர் எ வோக்’. அம்மம்மாவின் முகம் வாடிப்போனது. “போட்டு வாறன் எண்டு சொல்லு பிள்ளை” என்று கையைப் பிடித்துச் சொல்ல வைத்த பிறகுதான் விட்டார். திரும்பி வருவேன் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. போன பலர் திரும்பி வராத ஊர் அது. அந்த உறுதி அவர்களுக்கு வேண்டும். செத்தவீட்டில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. அங்கிருந்து எழும்பினால் பேசாமல் வந்துவிட வேண்டும்.

வெளிக்கிட்டு நிற்பவரிடம் ‘எங்கை போறியள்?’ என்று கேட்பதும் சகுனப் பிழையாகப் படும். பெரியவர்கள் “தூரவோ?” என்றுதான் கேட்பார்கள். வெளிக்கிடுதல் என்பதற்கு உடுப்பு மாற்றித் தயாராவது, புறப்படுவது என இரண்டு பொருளும் உண்டு. வான்காரர் “வெளிக்கிட்டாச்சோ?” என்று போன் எடுத்தால் எதைக் கேட்கிறார் என்று விளங்கிப் பதில் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் வோக், ஸ்ட்ரோல், வொண்டர், ஹைக், ட்ரெக் என்று நிறையச் சொல் இருக்கிறது. தமிழில் நாங்கள் கொடுத்தது பெரும்பாலும் ‘நட’ ஒன்றுதான். மிச்சத்தை அவர்கள் அகராதியில் தேடுகிறார்கள். வொண்டருக்கு அகராதி தரும் ‘அலைதல்’, ‘திரிதல்’ இரண்டும் ஊரில் ஏச்சுச் சொற்கள். ‘சும்மா திரிஞ்சனான்’ என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் கேட்பவர் முகம் சுளிக்கும். ‘உலாத்தினனான்’ என்றால் ஒரு பிழையும் இல்லை. பின்னேரம் வெயில் இறங்கியதும் கோட்டைப் பக்கமும் பண்ணைக் கடற்கரையிலும் சனம் உலாத்துவதைப் பார்க்கலாம். காலை வெள்ளன உடற்பயிற்சிக்காக நடப்பதற்கு ‘வோக்கிங்’ என்றே சொல்கிறார்கள், தயங்காமல் நீங்களும் சொல்லலாம்.

‘நடை’ என்ற சொல்லில் கவனம் வேண்டும். “ரெண்டு நடை வந்தும் உங்களைக் காணேல்லை” என்று ஒருவர் சொன்னால் மோட்டார் சைக்கிளில்கூட வந்திருப்பார். அது ட்ரிப். பிறப்புப் பதிவு, காணி உறுதி என்று அலுவலகம் போகிறவர்களுக்கு “இன்னொரு நடை வரவேண்டி வரும்” என்ற பதில் கிடைக்கலாம். திரும்புகிற ரிக்கற்றை அதற்கு இடம் விட்டுப் போடுங்கள்.

தூரம் கேட்டால் வயதானவர்கள் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். கட்டை என்றால் மைல். ‘ரெண்டு கட்டை’யை இரண்டு கிலோமீட்டர் என்று நினைத்து உச்சி வெயிலில் இறங்கினால், நடக்க வேண்டியிருப்பது 3 கிலோமீட்டருக்கும் மேல். “உதிலைதான்” என்பது இன்னொரு பதில். இது, அது இரண்டுக்கும் நடுவில் ‘உது’ என்ற சுட்டு யாழ்ப்பாணப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தினமும் நடந்து பழகியவருக்கு உதிலை இருக்கிற இடம் உங்களுக்கும் கிட்ட என்று எடுக்க வேண்டாம். எத்தனையாவது ஒழுங்கை, மதகுக்கு இங்காலையா அங்காலையா, முடக்கில் என்ன கோயில் என்று கேளுங்கள். குச்சொழுங்கைகளில் போன் வரைபடத்தைவிட அந்தப் பதில் உதவும். பஸ்ஸில் என்றால் இடம் வருவதற்குச் சற்று முன்னமே “சந்தியிலை இறக்கம்” என்று குரல் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், ஒரு நாளாவது வாகனம் இல்லாமல் வடமராட்சிப் பக்கம் நடக்க வேண்டும். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இருக்கிறது. தெருவுக்கு மேலேயே கூரை, இரு பக்கமும் கல் திண்ணை. நடந்து வந்தவர்கள் படுத்து இளைப்பாறக் கட்டியது, கீழால் இன்றைக்கும் வாகனம் போகிறது. பழைய தெருவோரங்களில் தோள் உயரத்தில் நிற்கும் கல்தான் சுமைதாங்கி. தலைச் சுமையை இறக்கவும் ஏற்றவும் பக்கத்தில் ஆள் தேவையில்லை. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் அதை நாட்டினார்கள், இறக்க முடியாமற் போன அவள் சுமைக்காக. கிட்டவே ஒரு கேணியும், மாடு உடம்பை உரஞ்ச ஆவுரோஞ்சிக் கல்லும் இருந்தால் அது சனம் நடந்தே பயணம் போன காலத்துத் தரிப்பிடம். மகள் ஒரு சுமைதாங்கியில் தன் முதுகுப் பையை இறக்கி வைத்தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

கதிர்காமத்துக்கு நடப்பதை ட்ரெக் என்று சொல்லாதீர்கள், அது பாத யாத்திரை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடப்பார்கள். அவ்வளவு லீவு இல்லாதவர்கள் உகந்தையில் சேர்ந்து குமண, யால காட்டுவழியைச் சில நாளில் கடக்கலாம். காட்டுப் பாதை திருவிழாவை ஒட்டிய நாட்களில்தான் திறக்கும், திகதியை முன்கூட்டியே விசாரியுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிவீதி மணலில் வெறுங்காலோடுதான். மத்தியானச் சூட்டுக்குப் பழகாத பிள்ளைகளைக் காலைப் பூசைக்குக் கூட்டிப் போங்கள். முகமாலை, கிளாலிப் பக்கம் கண்ணிவெடி இருப்பதைச் சொல்லும் மண்டையோட்டுப் பலகை கண்டால் தெருவை விட்டு ஒரு அடியும் இறங்க வேண்டாம்.

கடைசி இரண்டு நாளைப் பயணம் சொல்ல ஒதுக்குங்கள். விமானம் ஏறுமுன் சொந்தக்காரர், அயலட்டை என ஒவ்வொரு வீடாகப் போய் “பயணம் சொல்ல வந்தனாங்கள்” என்று சொல்லிவிட்டு வரவேண்டும், விட்டுப்போன வீட்டுக்கு மனம் நோகும். வானை வாசலில் ஓடவிட்டபடி சொல்ல வேண்டாம், நடந்தே போங்கள். கிழவி தேத்தண்ணி ஊற்றி முடிக்கும்வரை இருங்கள். எழும்பும்போது சொல்வதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.