புல்லட்டின் குரோம் பாகங்களில் துருவை நீக்கும் முறை

பழைய புல்லட்டின் மட்கார்டிலும் சக்கர ரிம்மிலும் தோன்றும் பழுப்புப் புள்ளிகள், குரோமுக்கு அடியிலுள்ள இரும்பிலிருந்து வருபவை. அலங்காரக் குரோம் முலாம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனே உடையது. இரும்பைப் பெரும்பாலும் காப்பது அதன் கீழுள்ள நிக்கல் படலம். இவற்றின் நுண்துளைகள் வழியே ஈரமும், கடலோர ஊர்களில் உப்பும் இறங்கும்போது, துரு மேலே கசிந்து படிகிறது.

எனவே தேய்க்கத் தொடங்குமுன் ஷாம்பூ நீரால் கழுவி, உலர்த்தி, புள்ளிகளின் மீது நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். வழவழப்பாக இருந்தால் முலாம் மிஞ்சியிருக்கிறது. நகம் தடுக்கினாலோ, செதில் உரிந்தாலோ, எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது.

முலாம் மிஞ்சியிருந்தால், உணவு பொதியும் அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழும் வாய்ப்புக் குறைவு. கருஞ்சாம்பல் நிறக் குழம்பு திரண்டதும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு, எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துத் தொடரலாம். குழிகளில் தங்கிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைக் கையுறை அணிந்து, புட்டியில் குறித்த நேரம் மட்டும் வைத்துக் கழுவலாம். கழிவறைக்கு வாங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. அது குரோமையே கரைத்துவிடும் என்பதால் அருகிலும் கொண்டுவரக் கூடாது. உப்புத்தாளும் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் அப்படியே.

இறுதியில் குரோம் பாலிஷ், அதன்மேல் மெழுகு. சைலென்சரின் சூடான பகுதியில் மெழுகு நிற்காது. அங்கே தெரியும் நீலச் சாயல் வெப்பத்தால் வந்தது, துரு அல்ல.

புதிய கார்களின் கிரில்லில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் மீதே குரோம் பூசப்படுகிறது. அதற்கு இந்த முறைகள் எதுவும் வேண்டாம், மென்மையான ஷாம்பூவும் துணியும் போதும்.

முலாம் உரிந்த பாகத்தைப் பட்டறைக்குத்தான் கொடுக்க வேண்டும். முலாம் ஏற்றப் பாகத்தை மூழ்கவைக்கும் குரோமியக் கரைசலில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது என்பதால், இது வீட்டில் முயலத்தக்க வேலையன்று. பழைய முலாமை நீக்கி, இரும்பை நன்கு பஃப் செய்து (சுழலும் துணிச் சக்கரத்தால் மெருகேற்றி), போதிய நிக்கல் ஏற்றிய பிறகே குரோம் பூச வேண்டுமெனக் கேட்டுப் பெறுங்கள்; கூலியை மிகவும் குறைத்துப் பேசினால், முதலில் குறைவது பெரும்பாலும் நிக்கலாகத்தான் இருக்கும். மட்கார்டைத் திரும்ப மாட்டுமுன், சேறு அப்பும் உட்புறத்திற்குத் துருத்தடுப்பு பிரைமரும் பெயின்ட்டும் அடித்துவிட வேண்டும்.