6.30 மணி மீட்டிங்கும் வீட்டுப்பாடமும் ஒரே நேரத்தில் வந்தால்

வீட்டிலிருந்தபடி அமெரிக்க டீமோடு வேலை பார்ப்பவர்கள் பலர் நேரமே போதவில்லை என்கிறார்கள். எனக்கென்னவோ நேரம் போதாமல் இல்லை, வேலை சூடு பிடிக்கிற நேரமும் வீடு சூடு பிடிக்கிற நேரமும் ஒன்றாக வந்து நிற்பதுதான் சிக்கல் என்று தோன்றுகிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்கு மாலை 6.30. பிள்ளை நோட்டைத் திறக்கும், குக்கர் அடுப்பில் ஏறும், அப்பா மாத்திரை எங்கே என்று கேட்பார், இங்கே மானிட்டரில் ஸ்டாண்ட்அப் (டீமின் தினசரி சின்ன மீட்டிங்) தொடங்கும். வேலைக்கு இத்தனை மணி, வீட்டுக்கு இத்தனை மணி என்று அளந்து பிரிக்கிற யோசனையெல்லாம் ஆபீஸ் போய் 6 மணிக்குத் திரும்புகிறவர்களுக்குச் சரிப்படும், நமக்கு உதவாது.

முதலில் ஒரு மூன்று நாளுக்கு, யார் எப்போது உங்களை வேலைக்கு நடுவில் எழ வைத்தார்கள் என்று மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். 10.10 சிலிண்டர், 10.40 ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப், 11.00 அயர்ன்காரர், 11.20 ‘ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா’ என்று மேனேஜர். பார்த்தால் பாதிக்கு மேல் முன்கூட்டியே தெரிந்த விஷயமாகத்தான் இருக்கும். சிலிண்டர் கொண்டுவருகிறவர் போனுக்கு வந்த எண்ணைக் கேட்பார், அந்த எஸ்எம்எஸ் உங்கள் போனுக்கு வருவதால்தானே நீங்கள் எழுந்து போகிறீர்கள்? கணவன் மனைவி இருவரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தும் கதவு தட்டினால் ஒருவர் மட்டுமே எழுகிற வீடுகள் நிறைய (அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை). இதைப் பேசித் தீர்ப்பதைவிட, கேஸ், ஸ்கூல் வேன், அபார்ட்மென்ட் குரூப் இவற்றில் பாதிக்கு மற்றவருடைய நம்பரைக் கொடுத்துவிடுவது சுலபம்.

அடுத்தது காலை. கோடையில் நமக்கு 9.30 ஆகும்போது நியூயார்க்கில் நள்ளிரவு. மதியம் 1 மணி வரை அங்கிருந்து ஒரு மெசேஜ் வராது. இந்த நேரத்தை ராத்திரி வந்து குவிந்த மெயில்களுக்குப் பதில் போட்டே தீர்த்துவிடுகிறோம், அதைவிட வீண் எதுவும் இல்லை, ஏனென்றால் அந்தப் பதிலைப் படிக்க வேண்டியவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். தலையைக் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை 9.30 முதல் 11.30 வரை வையுங்கள், மெயிலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாருங்கள். காலண்டரிலும் அந்த இரண்டு மணி நேரத்தை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இங்கே இருக்கிற டீம் அதில் மீட்டிங் போட்டுவிடும்.

போனை ‘தொந்தரவு செய்யாதே’யில் போடப் பயமாக இருக்கிறது, வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். ஆண்ட்ராய்டில் அதே நம்பரிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்கிற வசதி இருக்கிறது, ஐபோனில் அது 3 நிமிடம். அதை ஆன் செய்துவிட்டு, அவசரம் என்றால் உடனே இன்னொரு தடவை அடியுங்கள் என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டால் போதும். ஸ்கூல் நம்பரை விதிவிலக்கில் சேருங்கள். வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் ஆர்கைவுக்குப் போகட்டும்.

இதையெல்லாம் செய்தும் நடுவில் எழ வேண்டி வரத்தான் செய்யும். ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு இன்னொன்றுக்குப் போனால் மனசில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். அதனால் நாற்காலியை விட்டு எழும் முன் ‘அடுத்து இந்த புரோகிராமில் வர்ற எரர் பார்க்கணும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுங்கள். திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம், பிள்ளை பேசும்போதும் அந்த எரர் தலைக்குள் ஓடாது.

வீட்டுப் பெரியவர்களிடம் ‘பிசியா இருக்கேன்’ என்று சொல்லிப் பயனில்லை, வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் எப்படி பிசி என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். நேரத்தைச் சொல்லுங்கள். ‘அத்தை, பதினொன்றரைக்கு வந்து பார்க்கிறேன்’ என்று சொல்லிவிட்டு பதினொன்றரைக்குப் போய் நில்லுங்கள். மூன்று முறை சொன்னபடி போய் நின்றால் நாலாவது முறை காத்திருப்பார்கள், மூன்று முறை ஏமாற்றினால் அப்புறம் நீங்கள் எத்தனை மணி சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை.

வீட்டுக்கான நேரத்தை ராத்திரியில் தேடாதீர்கள், அது ஏற்கெனவே விற்றுப்போன நேரம். மதியம் 3.30 முதல் 5.30 வரை எடுங்கள். வேன் வந்து பிள்ளை இறங்கும், ஸ்கூல் கதையெல்லாம் சுடச்சுட அப்போதுதான் வரும், வீட்டுப்பாடமும் அதற்குள் முடிந்துவிடும். மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டாம்: ‘மதியம் மூன்றரையிலிருந்து ஐந்தரை வரை இருக்க மாட்டேன், ராத்திரி எட்டரை வரை இருப்பேன், அவசரம்னா போன் பண்ணுங்க’ என்று எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டு மணி நேரம் லேப்டாப் மூடியே இருக்க வேண்டும், சும்மா வைத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்ப்பது கணக்கில் வராது.

கலிஃபோர்னியா டீம் என்றால் கதை வேறு. அங்கே காலை 9 நமக்குக் கோடையிலேயே இரவு 9.30. அந்த டீமோடு வேலை பார்க்கிற நம்மவர்கள் காலை வேலையைத் தள்ளிவைத்து முதலில் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, நவம்பர். அந்த மாத முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், நம் 6.30 மீட்டிங் 7.30 ஆகிவிடும், மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படித்தான். சாப்பாட்டு நேரம் போச்சு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வேறு. அக்டோபர் கடைசி வாரத்திலேயே டீமில் பேசி, குளிர்கால மீட்டிங்கை அவர்கள் நேரம் காலை 8க்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், நமக்கு அதே 6.30தான் வரும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது மாற்றிக் கேளுங்கள், அந்த இரண்டு நாளைப் பிள்ளைக்குக் கஷ்டமான பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.